டைப் உள்ள ஃபங்ஷனல் மொழியில் வெப் அப்ளிகேஷன்: மூன்று பேர் குழுவுக்குக் கட்டுப்படியாகுமா?

முதலில் உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். மூன்று பேர் குழு. சிறு கிளினிக்குகளுக்கான அப்பாயிண்ட்மென்ட், பில்லிங் அப்ளிகேஷன். சர்வரில் ஜாங்கோ, பிரௌசரில் ரியாக்ட், எல்லாமே டைப் (எந்த இடத்தில் என்ன வகை மதிப்பு வரலாம் என்ற குறிப்பு) எழுதாத பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும். ஒரு இடத்தில் கை வைத்தால் சம்பந்தமே இல்லாத இன்னொரு ஸ்கிரீன் வெள்ளையாகிவிடுகிறது. ஹாஸ்கெல், எல்ம், ஓகேமல், எஃப் ஷார்ப் என்று நான்கைந்து ஃபங்ஷனல் மொழிகளின் (ஃபங்ஷன்களைக் கோத்தே புரோகிராம் எழுதும் மொழிகள்) பெயர்களைச் சொல்லி எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. டைப் சிஸ்டம் உண்மையிலேயே பிழைகளைக் குறைக்கிறதா என்பது ஒன்று. அப்படியே குறைத்தாலும், அதிகம் பேர் புழங்காத மொழியில் இறங்கி நாலைந்து வருடம் கழித்து நட்டாற்றில் நிற்க நேருமா என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்விதான் உங்களுக்கு முக்கியம் என்று நினைக்கிறேன்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். பல வருடங்களாகப் பணப் பரிவர்த்தனை சார்ந்த சர்வர்களை ஹாஸ்கெலில் எழுதிவருகிறேன். பிரௌசர் பக்கம் எல்மும், ஜாவாஸ்கிரிப்டோடு டைப் சேர்த்த டைப்ஸ்கிரிப்டும். ஓகேமலிலும் எஃப் ஷார்ப்பிலும் சிறிய சர்வீஸ்களைக் கட்டிப் புரொடக்‌ஷனில் ஓட்டியிருக்கிறேன். ஸ்காலாவில் மற்றவர்கள் எழுதியதைப் பராமரித்ததோடு சரி. இந்த அளவை மனதில் வைத்து மேலே படியுங்கள்.

சந்தேகமே இல்லாமல் சொல்லக்கூடியதில் இருந்து தொடங்குகிறேன். உங்கள் அப்பாயிண்ட்மென்ட் பட்டியல் ஸ்கிரீனையே எடுத்துக்கொள்வோம். ஜாவாஸ்கிரிப்டில் வழக்கமாக லோடிங், எரர், டேட்டா என்று மூன்று ஃபீல்டுகள் வைப்போம். ஒவ்வொன்றும் இருக்கலாம், இல்லாமல் போகலாம் என்றால் மொத்தம் எட்டு நிலைகள். அவற்றில் அர்த்தமுள்ளவை நான்குதான்: இன்னும் கேட்கவில்லை, கேட்டுவிட்டுக் காத்திருக்கிறோம், தோற்றுவிட்டது, வந்துவிட்டது. மிச்சம் நான்கும் நடக்கவே கூடாதவை, ஆனால் நடக்கும். எரரும் டேட்டாவும் ஒன்றாக நிற்கும். லோடிங் நடந்துகொண்டிருக்கும்போதே எரரும் நிற்கும். ஸ்கிரீன் வெள்ளையாவது பெரும்பாலும் அங்கேதான். எல்ம், ஓகேமல், ஹாஸ்கெல், எஃப் ஷார்ப் எல்லாவற்றிலும் இதை நான்கு கிளைகள் உள்ள ஒரே டைப்பாக எழுதலாம். எரர் செய்தி ‘தோற்றது’ என்ற கிளைக்குள் மட்டும் இருக்கும், பட்டியல் ‘வந்தது’ என்ற கிளைக்குள் மட்டும் இருக்கும். அர்த்தமற்ற அந்த நான்கு நிலைகளை எழுதிக்காட்டவே வழி கிடையாது. நடக்கக்கூடாத நிலைகளை டைப்பில் எழுத முடியாதபடி செய்துவிடுங்கள் என்று ஜேன் ஸ்ட்ரீட் நிறுவனத்தின் யாரன் மின்ஸ்கி ஓகேமல் உலகத்தில் பரப்பிய யோசனை இதுதான்.

இதன் முழுப் பலன் முதல் நாளில் தெரியாது. ஆறு மாதம் கழித்து ஒரு கிளினிக், ‘டோக்கன் கொடுத்தாயிற்று, ஆனால் டாக்டர் வரவில்லை’ என்றொரு நிலை வேண்டும் என்று கேட்கும். அந்தக் கிளையை டைப்பில் சேர்த்த மறுகணம், அதைக் கவனிக்காத ஒவ்வொரு ஃபங்ஷனையும் கம்பைலர் (கோடை ஓடும் முன்பே சரிபார்த்து மாற்றித்தரும் கருவி) ஃபைல் பெயரும் வரி எண்ணும் சொல்லிக் காட்டும். பில் போடும் இடம், எஸ்எம்எஸ் அனுப்பும் இடம், மாத ரிப்போர்ட் என்று ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே போகலாம். ஒரு எச்சரிக்கை: விட்டுப்போன கிளையை எல்மும், கிளீம் என்ற புது மொழியும் எரர் என்று நிறுத்திவிடும். ஹாஸ்கெலிலும் எஃப் ஷார்ப்பிலும் அது வார்னிங்தான், அதிலும் ஹாஸ்கெலில் அந்த வார்னிங்கை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். முதல் நாளே அதை எரராக மாற்றிவையுங்கள். அதோடு, ‘மற்றதெல்லாம்’ என்று அர்த்தப்படும் அடிக்கோட்டுக் கிளையைக் கண்ட இடத்தில் போடாதீர்கள். அதைப் போட்ட இடத்தில் புதுக் கிளை சேர்ந்தாலும் கம்பைலர் வாயைத் திறக்காது.

அடுத்தது நல், அதாவது ‘இங்கே மதிப்பே இல்லை’ என்பதற்கான குறி. 1965-ல் அல்கால் மொழிக்காக அதைக் கொண்டுவந்த டோனி ஹோர், அது தனது பில்லியன் டாலர் தவறு என்று 2009-ல் ஒரு மாநாட்டு மேடையில் சொன்னார். இந்த மொழிக் குடும்பத்தில் ‘இருக்கலாம், இல்லாமலும் போகலாம்’ என்பதற்குத் தனி டைப் உண்டு. அதைத் திறந்து பார்க்காமல் உள்ளே இருக்கும் மதிப்பைத் தொட முடியாது. நோயாளியின் போன் நம்பர் காலியாக இருக்கலாம் என்றால், காலியாக இருந்தால் என்ன செய்வது என்பதை எழுதிய பிறகுதான் எஸ்எம்எஸ் ஃபங்ஷன் கம்பைல் ஆகும்.

பணம் சம்பந்தப்பட்ட அப்ளிகேஷன் என்பதால் எஃப் ஷார்ப்பில் உள்ள ஒரு வசதியைக் குறிப்பிட்டுச் சொல்ல ஆசைப்படுகிறேன். நம் ஊர்ப் பேமென்ட் கேட்வேக்கள் பல, தொகையைப் பைசாவில் கேட்கும். உங்கள் டேட்டாபேஸில் ரூபாயாக இருக்கும். 500 என்ற எண்ணைப் பார்த்து அது ஐநூறு ரூபாயா ஐந்து ரூபாயா என்று யாராலும் சொல்ல முடியாது. எஃப் ஷார்ப்பில் எண்ணோடு அலகையும் ஒட்டிவைக்கலாம். பைசா என்ற அலகுள்ள எண்ணையும் ரூபாய் என்ற அலகுள்ள எண்ணையும் கூட்டப் பார்த்தால் கம்பைலர் விடாது. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் ஃபங்ஷனை நாமே ஒரே இடத்தில் எழுதி, அதன் வழியாகத்தான் போக வேண்டும். புரோகிராம் ஓடும்போது அந்த அலகு அழிந்துபோய் வெறும் எண் மட்டும் மிஞ்சுவதால் வேகமும் குறையாது. மற்ற மொழிகளில் எண்ணைச் சுற்றி ஒரு சிறு டைப் போட்டு இதே பாதுகாப்பைப் பெறலாம். நோயாளி ஐடியையும் டாக்டர் ஐடியையும் அப்படித்தான் பிரித்துவைக்க வேண்டும். இரண்டையும் வெறும் எண்ணாக விட்டால் இடம் மாறிப் போய்ச்சேரும்.

இனி உறுதியாகச் சொல்ல முடியாதது. ‘டைப் மொழிக்கு மாறினால் பக் பாதியாகக் குறையும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதற்கு அளந்து காட்டிய ஆதாரம் கிடையாது. கிட்ஹப் புராஜெக்ட்களை வைத்து 2014-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு, ஃபங்ஷனல் மொழிகளிலும் டைப் உள்ள மொழிகளிலும் பிழை ஓரளவு குறைவு என்றது. அதே தரவை 2019-ல் வேறொரு குழு திரும்ப அலசியபோது அதன் முடிவுகளில் பலவற்றை நிறுவ முடியவில்லை. 2017-ல் வந்த இன்னொரு ஆய்வு உங்கள் நிலைமைக்கு நெருக்கமானது. ஜாவாஸ்கிரிப்ட் புராஜெக்ட்களில் ஏற்கெனவே திருத்தப்பட்ட 400 பக்குகளை எடுத்து, அந்த இடத்தில் டைப் எழுதியிருந்தால் கம்பைலர் பிடித்திருக்குமா என்று பார்த்தார்கள். டைப்ஸ்கிரிப்டோ, அதே வேலையைச் செய்யும் ஃப்ளோவோ சுமார் 15 சதவீதத்தைப் பிடித்திருக்கும் என்று வந்தது. அவை வெளியே போய்ப் பதிவான பக்குகள் மட்டுமே. எழுதும்போதே டைப் தடுக்கும் தவறுகள் அந்தக் கணக்கில் இல்லை. என் அனுபவத்தில் பெரிய லாபம் பக் எண்ணிக்கையில் கூட இல்லை. பழைய கோடைத் தைரியமாக மாற்ற முடிவதுதான் லாபம். ஆனால் இது என் அனுபவம், அதை ஆய்வு முடிவுபோல எடுத்துக்கொள்ள வேண்டாம். டைப் பிடிக்காததும் நிறைய உண்டு: ஜிஎஸ்டி கணக்கைத் தப்பாகப் புரிந்துகொண்டது, மெதுவான எஸ்க்யூஎல், ஒரே நேரத்தை இருவருக்குக் கொடுத்துவிடும் டிரான்ஸாக்‌ஷன் கோளாறு. இவற்றுக்கு டெஸ்ட்டும் டேட்டாபேஸ் கட்டுப்பாடுகளும்தான் கதி.

டைப்ஸ்கிரிப்ட் போதாதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. 2012-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டபோதிருந்தே ஜாவாஸ்கிரிப்டோடு ஒத்துப்போவதுதான் அதன் முதல் குறி. டைப் சிஸ்டம் முழுக்க நம்பகமாக இருக்க வேண்டும் என்பதைத் தெரிந்தேதான் விட்டுக்கொடுத்தார்கள். சர்வரிலிருந்து ஜேசன் (சர்வரும் பிரௌசரும் டேட்டாவை அனுப்பிக்கொள்ளும் எழுத்து வடிவம்) வந்ததும் அதை ‘இது அப்பாயிண்ட்மென்ட்தான்’ என்று நீங்கள் சொன்னால் அது அப்படியே நம்பிவிடும். ஜாங்கோவில் யாரோ ஃபீல்டு பெயரை மாற்றியிருந்தால் கம்பைலருக்குத் தெரியவே தெரியாது. ஸ்ட்ரிக்ட் என்ற கறாரான செட்டிங்கைப் போட்டுவிட்டால் எல்லாம் ஆயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். பட்டியலில் பத்தாவது உருப்படியை எடுத்தால் அது இல்லாமலும் போகலாம் என்பதை ஸ்ட்ரிக்ட் கண்டுகொள்ளாது. அதற்கென்று ஒரு செட்டிங் 2020 முதல் தனியாக இருக்கிறது, அதையும் போட வேண்டும். இவ்வளவு இருந்தும், நான்கு கிளை டைப்பை டைப்ஸ்கிரிப்டில் நன்றாகவே எழுதலாம். ஸாட் மாதிரி ஒரு லைப்ரரியை வைத்து, உள்ளே வரும் ஜேசனை வாசலிலேயே சோதித்துவிடலாம். நான் மேலே சொன்ன லாபத்தில் பெரும் பங்கு இப்படியே கிடைத்துவிடும். மிச்சம் குழுவின் ஒழுங்கைப் பொறுத்தது, அவசரத்தில் யாரும், டைப் சோதனையையே அணைத்துவிடும் ‘எனி’யைப் போட்டுவிடக் கூடாது.

எல்ம் அந்த ஒழுங்கை உங்கள் கையில் விடுவதில்லை. இவான் சாப்லிக்கி 2012-ல் ஹார்வர்டில் எழுதிய பட்ட ஆய்விலிருந்து பிறந்த மொழி அது. ஒவ்வொரு ஜேசனுக்கும் டீகோடர் (அதைச் சோதித்து டைப்பாக மாற்றும் ஃபங்ஷன்) எழுதித்தான் தீர வேண்டும். வடிவம் மாறினால் அது ஒரு சாதாரண தோல்விக் கிளையாக வந்து நிற்கும், நீங்கள் அதைக் கையாண்டே ஆக வேண்டும். ஆரம்பத்தில் இது அலுப்பாக இருக்கும், குறிப்பாக முப்பது ஃபீல்டு உள்ள பில் வரும்போது. ஆனால் எல்மில் எழுதிய ஸ்கிரீன் ஓடும்போது விழுவது மிக அபூர்வம் என்று தயங்காமல் சொல்வேன். அதன் எரர் செய்திகளை முன்மாதிரியாகக் கொண்டு ரஸ்ட் மொழி தன் செய்திகளைச் செப்பனிட்டது. மாடல், அப்டேட், வியூ என்ற அதன் அமைப்பு, ரியாக்ட்டோடு பலர் பயன்படுத்தும் ரிடக்ஸ் லைப்ரரிக்கு ஒரு தூண்டுதல். இனி மறுபக்கம். 2018-ல் வந்த 0.19 பதிப்பு, ஜாவாஸ்கிரிப்டை நேரடியாகக் கூப்பிடும் வழியை வெளியாட்களுக்கு மூடிவிட்டது. போர்ட் என்ற குறுகிய வாசல் வழியாகத்தான் செய்தி அனுப்பிப் பெற முடியும். 2019 அக்டோபரில் 0.19.1 வந்த பிறகு மொழியில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. எழுதியது உடையாது என்பதால் சிலருக்கு இது வரம். பிரௌசரின் புது வசதிகளோடு ஓட வேண்டியவர்களுக்கு முட்டுக்கட்டை. அடுத்த பத்து வருடத்துக்கான முழு அப்ளிகேஷனை இன்று எல்மில் தொடங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தச் சிந்தனை முறையைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

ஹாஸ்கெல் எனக்குச் சோறு போடும் மொழி, அதனால் அதன் கஷ்டத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். செர்வன்ட் லைப்ரரியில் முழு ஏபிஐயையும் (சர்வரை வெளியிலிருந்து கூப்பிடும் வழிகளின் தொகுப்பு) ஒரு டைப்பாக எழுதிவிடலாம். அந்த ஒரே டைப்பிலிருந்து சர்வரின் வடிவம், கிளையன்ட் ஃபங்ஷன்கள், டாகுமென்டேஷன் மூன்றும் கிடைக்கும். ஒன்று மாறி மற்றொன்று மாறாமல் போக வழியில்லை. ஆனால் அதில் ஒரு சிறு தவறு செய்தால் வரும் எரர் செய்தி ஒரு பக்கம் நீளும், புதிதாக வந்தவர் மிரண்டுபோவார். எழுத்துக்கே ஸ்ட்ரிங், டெக்ஸ்ட், பைட்ஸ்ட்ரிங் என்று மூன்று டைப், எங்கே எது என்று பழகவே நாளாகும். கம்பைல் நேரம் நீளம். தேவைப்படும்வரை கணக்கைத் தள்ளிப்போடும் சோம்பல் மதிப்பீட்டால் மெமரி மெல்ல ஏறிக்கொண்டே போகும் கோளாறைக் கண்டுபிடிக்க அனுபவசாலி ஒருவர் கூட வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத மூன்று பேர் குழுவுக்கு நான் ஹாஸ்கெலைச் சொல்ல மாட்டேன். பெரிய அளவில் இது நடக்குமா என்ற ஐயம் இருந்தால், பெங்களூரின் நம்ம யாத்ரி ஆட்டோ ஆப்பின் மூலநிரல் பொதுவில் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். சர்வர் ஹாஸ்கெலில், ஆப் பக்கம், ஹாஸ்கெலைப் போன்றே இருந்து ஜாவாஸ்கிரிப்டாக மாறும் பியூர்ஸ்கிரிப்டில் எழுதப்பட்டது. அதை உருவாக்கிய பேமென்ட் நிறுவனமான ஜஸ்பே, இந்த மொழிகளுக்கு ஆட்களைத் தானே பயிற்றுவித்து எடுக்கும் அளவுள்ள நிறுவனம் என்பதையும் சேர்த்துக் கணக்கில் கொள்ளுங்கள்.

ஓகேமல் பற்றி நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. ஒரே நேரத்தில் பல கோர்களில் ஓட முடியாது என்பது அதன் நெடுநாள் குறை. அதைத் தீர்த்த 5.0 பதிப்பு 2022 டிசம்பரில் வந்தது. அந்த வேலையை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் சென்னை ஐஐடியில் பேராசிரியராக இருக்கும் கே.சி. சிவராமகிருஷ்ணன். கம்பைலர் மின்னல் வேகம், மொழி ஹாஸ்கெலைவிட எளிது, தேவையான இடத்தில் சாதாரண லூப்பும் மாறிகளும் எழுதலாம். ட்ரீம் என்ற வெப் ஃபிரேம்வொர்க் அளவாக, அழகாக இருக்கும். லைப்ரரிகள்தான் அதன் பலவீனம். பேமென்ட், கிளவுட், மெயில் என்று நாளும் தேவைப்படும் சர்வீஸ்கள் ஓகேமலுக்கென்று எஸ்டிகே (தயார் லைப்ரரி) கொடுப்பது அரிது, ஹெச்டிடிபி அழைப்பை நீங்களே எழுத வேண்டும். பிரௌசர் பக்கம் கிளை பிரிந்துபோயிற்று. ஃபேஸ்புக்கில் 2016-ல் ரீசன் என்று தொடங்கியது, 2020-ல் ரீஸ்கிரிப்ட் என்று தனி மொழியாகப் போனது. ஓகேமலோடே இருக்க விரும்புபவர்கள், ஓகேமலை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும் மெலாஞ்சுக்குப் போனார்கள். புதிதாக வருபவருக்கு எந்த டாகுமென்டேஷன் எதற்கு என்று குழம்பும்.

எஃப் ஷார்ப்பின் பலம் அது நிற்கும் தரை. டான் சைம் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சில் உருவாக்கிய இந்த மொழி, சி ஷார்ப் ஓடும் அதே டாட்நெட் தளத்தின் மேல் ஓடுகிறது. போஸ்ட்கிரெஸ், பிடிஎஃப், எக்ஸெல், பேமென்ட் என எதற்கும் சி ஷார்ப்புக்கு எழுதிய லைப்ரரியை அப்படியே கூப்பிடலாம். 2016-க்குப் பிறகு லினக்ஸ் சர்வரில் ஓட்டுவதில் எந்தச் சங்கடமும் இல்லை. சர்வருக்கு ஜிராஃப் என்ற ஃபிரேம்வொர்க், பிரௌசருக்கு ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும் ஃபேபிள்; ஒரே டைப்பை இரு பக்கமும் பகிரலாம். சி ஷார்ப் லைப்ரரி வழியாக நல் உள்ளே நுழைந்துவிடும் என்பதைக் கவனிக்க வேண்டும். 2024-ல் வந்த எஃப் ஷார்ப் 9 இதைக் கம்பைலரே கண்காணிக்கும் வசதியைத் தந்தது. ஃபைல்களைச் சார்பு வரிசைப்படி அடுக்கியே ஆக வேண்டும் என்பது முதலில் எரிச்சல் தரும். போகப்போக, புது ஆள் கோடை மேலிருந்து கீழே வாசித்துப் புரிந்துகொள்ள அதுவே உதவும்.

ஸ்காலாவின் திறமையில் குறையில்லை, ட்விட்டர் போன்ற இடங்கள் அதில் பெரிய சர்வர்களை ஓட்டின. ஆனால் 2022 செப்டம்பரில் ‘அக்கா’ (Akka) என்ற பிரபலமான ஸ்காலா லைப்ரரியின் லைசென்ஸ் மாறியபோது, அதை நம்பிக் கட்டியவர்களில் பலர் கட்டணம் கட்டுவதா, அதிலிருந்து பிரிந்த இலவச லைப்ரரியான அப்பாச்சி பெக்கோவுக்கு மாறுவதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. சிறிய குழுவுக்கு இந்த மாதிரி அலைச்சல் தாங்காது. கிளீம் 2024 மார்ச்சில்தான் 1.0 ஆனது. சின்ன மொழி, எர்லாங் மொழியின் தளத்தின் மேல் ஓடுகிறது, ஜாவாஸ்கிரிப்டாகவும் மாறும், ஒரு வாரத்தில் கற்றுவிடலாம். எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பில்லிங் மாதிரி வேலைக்கு அதன் லைப்ரரிகள் இன்னும் கொஞ்சம் முதிர வேண்டும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஜாங்கோவைத் தொடவே மாட்டேன். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை முழுசாகத் திரும்ப எழுதும் மாதங்களில் கிளினிக்குகள் கேட்கும் எதையும் கொடுக்க முடியாது, வாடிக்கையாளர் போய்விடுவார்கள். ரியாக்ட் பக்கத்தை ஃபைல் ஃபைலாக டைப்ஸ்கிரிப்டுக்கு மாற்றுவேன், ஸ்ட்ரிக்ட்டும் நான் சொன்ன அந்தக் கூடுதல் செட்டிங்கும் போட்டு. சர்வரிலிருந்து வரும் ஒவ்வொன்றையும் வாசலில் சோதிப்பேன். அதோடு, பில் கவுண்டர் ஸ்கிரீன் ஒன்றை மட்டும் எல்மில் எழுதிப் பார்ப்பேன். எல்ம் ஒரு பக்கத்துக்குள் ஒரு டிவ்வில் உட்கார்ந்துகொள்ளும், சுற்றியிருக்கும் ரியாக்ட்டைக் கலைக்காது. அந்த ஒரு ஸ்கிரீன் முடிவதற்குள் நிலைகளை டைப்பாக யோசிக்கும் பழக்கம் மூவருக்கும் வந்துவிடும். பிறகு டைப்ஸ்கிரிப்ட் எழுதும் விதமே மாறியிருக்கும். பில்லிங்கை என்றைக்காவது தனி சர்வீஸாகப் பிரிக்கும் நாள் வந்தால் அதை எஃப் ஷார்ப்பில் எழுதுவேன். நான் வேலை செய்வது ஹாஸ்கெலில் என்றாலும் உங்களுக்கு எஃப் ஷார்ப்பையே சொல்கிறேன். ஒருவர் விலகினால் சி ஷார்ப் தெரிந்த ஒருவரை எடுத்துப் பழக்கிவிடலாம், கோவையிலோ மதுரையிலோ ஹாஸ்கெல் தெரிந்தவரைத் தேடுவதைவிட அது எவ்வளவோ நடைமுறைக்கு உகந்தது.

எந்த மொழியானாலும் முடிவு செய்வதற்கு முன் நான்கு சின்ன வேலைகளை அதில் செய்து பாருங்கள். போஸ்ட்கிரெஸில் ஒரு டிரான்ஸாக்‌ஷன், பேமென்ட் கேட்வே தானாக நம் சர்வருக்கு அனுப்பும் செய்தியின் (வெப்ஹூக்) கையொப்பத்தைச் சரிபார்ப்பது, பின்னணியில் எஸ்எம்எஸ் வரிசை, தமிழில் பெயர் உள்ள ஒரு பில் பிடிஎஃப். கடைசி ஒன்றை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். யூனிகோடில் எகரக் கொம்பு மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது, அச்சில் அதற்கு முன்னால் வர வேண்டும். எழுத்துக்களை இப்படி இடம் மாற்றி அடுக்கத் தெரியாத பிடிஎஃப் லைப்ரரியில் ‘செல்வி’ என்ற பெயரே சிதைந்துபோகும். புழக்கம் குறைந்த மொழிகளின் லைப்ரரிகள் பல ஆங்கிலத்தை மட்டும் வைத்துச் சோதிக்கப்பட்டவை. அங்கே மாட்டிக்கொண்டால், பில்லை ஹெச்டிஎம்எல்லாக எழுதித் திரையில்லாமல் ஓடும் குரோமியம் பிரௌசர் வழியாகப் பிடிஎஃப் ஆக்குவது எந்த மொழியிலிருந்தும் வேலை செய்யும், சர்வரில் கொஞ்சம் கூடுதல் மெமரி மட்டும் கேட்கும். மற்ற மூன்றில் ஏதாவது ஒன்றுக்கு நீங்களே லைப்ரரி எழுத வேண்டி வந்தால், அந்த மொழியை இந்த அப்ளிகேஷனுக்கு எடுக்க வேண்டாம்.